வரைபடத்துக்கு வெளியே ஒரு சிப்பாய்

நாடு உடைகிற கதை எதைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது வரைபடத்தைத்தான். எந்த மாநிலம் யார் பக்கம் போனது, புது எல்லை எங்கே விழுந்தது, தலைநகரம் யார் கையில் என்பதெல்லாம் தெரிந்தால்தான் கதைக்குள் நுழைவேன். இது ஒரு கெட்ட பழக்கம் என்று ரொம்ப நாள் எனக்குத் தெரியவில்லை. ‘கிவ் மீ லிபர்ட்டி’ என்ற கிராஃபிக் நாவலை முதல் முறை புரட்டியபோதும் அதைத்தான் செய்தேன். அதில் அருமையான வரைபடம் ஒன்று உண்டு. அமெரிக்கா துண்டு துண்டாகக் கிடக்கும். டெக்சாஸ் தனிக் குடியரசு. தென்கிழக்கில் பெண்கள் ஆளும் ஒரு கூட்டமைப்பு. கடவுளின் பெயரைச் சொல்லி ஒரு நாடு, முதலாளிகளின் பெயரைச் சொல்லி ஒன்று. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, துப்பாக்கி வெடிக்கிற பக்கங்களாகப் பார்த்துப் படித்து, மூடி வைத்துவிட்டேன். நல்ல கேலி, நல்ல சண்டை. அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

பல வருடம் கழித்து, ஒரு காய்ச்சல் நாளில் வேறு புத்தகம் கைக்கு எட்டாததால் மறுபடி எடுத்தேன். அன்றைக்குச் சண்டைக் காட்சிகளைத் தேடித் தாவ உடம்பில் தெம்பில்லை. முதல் பக்கத்திலிருந்து மெதுவாகப் படித்தேன். அப்போதுதான் தெரிந்தது, நான் இந்தப் புத்தகத்தை முன்பு படிக்கவே இல்லை.

விவரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. எழுத்து ஃபிராங்க் மில்லர், ஓவியம் டேவ் கிப்பன்ஸ். 1990-இல் டார்க் ஹார்ஸ் நிறுவனம் நான்கு இதழ்களாக வெளியிட்டது. மில்லர் அதற்கு நான்கு வருடம் முன்புதான் பேட்மேனை வயதான, கசந்துபோன மனிதனாக எழுதி எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்திருந்தார். கிப்பன்ஸ், ஆலன் மூருடன் சேர்ந்து ‘வாட்ச்மென்’ வரைந்தவர். சூப்பர் ஹீரோக்களைப் பிரித்து மேய்ந்துவிட்டு வந்த இருவர், அந்த உடுப்புகளையெல்லாம் ஓரமாகக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்து செய்த வேலை இது. 1991-இல் காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னரும் கிடைத்தது. கதாநாயகி மார்த்தா வாஷிங்டன், சிகாகோவில் 1995-இல் பிறக்கும் கறுப்பினச் சிறுமி. கதை வெளியானபோது அது எதிர்காலம்.

அவள் பிறக்கிற இடம் கற்பனை இல்லை. காப்ரினி-கிரீன் என்பது சிகாகோவில் உண்மையிலேயே இருந்த அரசுக் குடியிருப்பு. 1942-இல் வரிசை வீடுகளாகத் தொடங்கி, 1958-இலும் 1962-இலும் அடுக்குமாடிகளாக வளர்ந்தது. சுமார் 3,600 வீடுகள். உச்சத்தில் 15,000 பேர் வாழ்ந்தார்கள். நகரத்தின் பெரும் பணக்காரர்கள் வாழும் கோல்ட் கோஸ்ட் பகுதி அங்கிருந்து நடந்து போகிற தூரம். பெயரில் இருக்கும் ‘கிரீன்’ பச்சையைக் குறிப்பதல்ல. வில்லியம் கிரீன் என்ற தொழிற்சங்கத் தலைவரின் பெயர். ஆனால் அங்கே கொஞ்சம் பச்சையும் இருந்தது. பராமரிக்கச் செலவாகிறது என்று புல்வெளிகளைத் தார் போட்டு மூடினார்கள். மாடிகளின் வெளிப்புற நடைபாதைகளை யாரும் விழுந்துவிடக் கூடாதென்று, தரையிலிருந்து கூரை வரை இரும்பு வலை போட்டு அடைத்தார்கள். புகைப்படங்களைப் பாருங்கள். பதினைந்து பதினாறு மாடிக்கு அடுக்கிவைத்த கூண்டுகள் போலத்தான் இருக்கும். 1981-இல் குற்றங்கள் எல்லை மீறியபோது, நகர மேயர் ஜேன் பர்ன் காவலர்கள் புடைசூழ அங்கே மூன்று வாரம் குடியிருந்து பார்த்தார். மேயர் வந்தபோது விளக்கு எரிந்தது, போனபின் அணைந்தது.

மில்லரும் கிப்பன்ஸும் செய்ததெல்லாம் அந்த வலையை இன்னும் ஓர் அடி நீட்டியதுதான். கதையில் ‘கிரீன்’ சுற்றிலும் அடைக்கப்பட்ட இடம். உள்ளே இருப்பவர்கள் வெளியே போக முடியாது. குற்றம் செய்தவர்களுக்கான சிறை இல்லை; ஏழையாக இருப்பவர்களுக்கானது. அதன் பெயர் நலத்திட்டம். மார்த்தாவின் அப்பா அதை எதிர்த்துப் போராடிச் சாகிறார். அம்மா பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவிக்கிறாள். மார்த்தாவுக்குக் கணினி என்றால் உயிர். அவள் கெட்டிக்காரி என்று கண்டுகொண்ட ஓர் ஆசிரியர் இருக்கிறார். அவரை ஓர் அடியாள் கொல்கிறான். அவள் அவனைக் கொல்கிறாள். அப்புறம் பேச்சு நின்றுபோகிறது. மனநல விடுதியில் கிடக்கிறாள்.

அங்கிருந்து அவள் எப்படி வெளியே வருகிறாள் என்பதைப் பாருங்கள். குணமாகி வரவில்லை, தப்பித்தும் வரவில்லை. பட்ஜெட்டில் வெட்டு விழுகிறது. விடுதியை மூடுகிறார்கள். நோயாளிகளைத் தெருவில் விடுகிறார்கள். முதல் முறை படித்தபோது இதை எழுத்தாளர் தன் வசதிக்காகப் போட்ட முடிச்சு என்று நினைத்தேன். ஆனால் அமெரிக்காவில் 1955-இல் அரசு மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் அவற்றில் பெரும்பாலானவற்றைக் காலி செய்தார்கள். அவர்களைச் சமூகத்துக்குள்ளேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அதற்கென 1980-இல் கார்ட்டர் காலத்தில் ஒரு சட்டமும் வந்தது. அடுத்த வருடமே ரேகன் அரசு அதில் பெரும்பகுதியைத் தூக்கியெறிந்தது. ஆக, விடுதி போனது, பதிலுக்கு வர வேண்டியதும் வரவில்லை. மில்லர் அந்தப் பக்கத்தை எழுதியபோது ஜன்னலுக்கு வெளியே பார்த்தாலே போதும்.

தெருவில் குளிரில் நிற்கிறவளுக்கு ஒரு விளம்பரம் கண்ணில் படுகிறது. ‘பாக்ஸ்’ படையில் சேருங்கள். லத்தீனில் ‘பாக்ஸ்’ என்றால் அமைதி. (துப்பாக்கி தூக்கும் படைக்கு அமைதி என்று பெயர் வைப்பது அரசாங்கங்களுக்குப் பிடித்த பழைய விளையாட்டு.) சேர்கிறாள். சாப்பாடு, உடுப்பு, கூரை, செய்த குற்றங்களைக் கிளறாத ஒரு புது அடையாள எண். கொடியைப் பார்த்து நெஞ்சு நிமிர்ந்து சேரவில்லை. இவளுக்குத் திறந்திருந்த கதவு அது ஒன்றுதான்.

இந்த இடத்தில் எனக்கு என் பெரியப்பா நினைவுக்கு வந்தார். ராணுவத்தில் இருபது வருடம் இருந்தவர். நான் பள்ளியில் ஏதோ கட்டுரைக்காக, “பெரியப்பா, நீங்க ஏன் ராணுவத்துல சேர்ந்தீங்க?” என்று நோட்டும் பேனாவுமாகப் போய் நின்றேன். நாட்டுப்பற்று என்று சொல்வார், எழுதிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அங்க பூட்ஸ் குடுத்தாங்கடா” என்றார். கட்டுரையில் நான் நாட்டுப்பற்று என்றே எழுதினேன்.

அமெரிக்காவில் கட்டாய ராணுவச் சேர்ப்பு 1973-இல் நின்றது. அதன் பிறகு விரும்பியவர்கள்தான் சேர்கிறார்கள் என்று சொல்வார்கள். அந்த விருப்பம் எங்கிருந்து முளைக்கிறது என்பதைத்தான் இந்தக் காமிக்ஸின் முதல் பகுதி காட்டுகிறது. அதற்கு முன்பும் வேறு மாதிரி இல்லை. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1966-இல், பாதுகாப்புச் செயலர் மெக்னமாரா தகுதித் தேர்வின் அளவுகோலைத் தாழ்த்தி ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஏழைகளுக்கு ராணுவம் வழியாக முன்னேற்றம் என்றார். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படிச் சேர்க்கப்பட்டார்கள். பலர் நேராகக் காலாட்படைக்குப் போனார்கள்.

மார்த்தா போவது அமேசான் காட்டுக்கு. இங்கேதான் கதையின் கேலி உச்சத்துக்கு ஏறுகிறது. எர்வின் ரெக்சால் என்ற அதிபர், சிரித்த முகமும் கல் மனமுமாக ஆண்டுகொண்டிருந்தவர், ஒரு தாக்குதலில் நினைவிழந்து விழுகிறார். பதவி வரிசையில் மேலே இருந்தவர்கள் எல்லாரும் போய்விட, வேளாண் செயலராக இருந்த நிசன் அதிபர் நாற்காலியில் உட்காருகிறார். சட்டப்படி இது நடக்கக்கூடியதுதான். 1947-இன் பதவி வரிசைச் சட்டத்தில் வேளாண் செயலருக்கு ஒன்பதாவது இடம். நிசன் நல்ல மனிதர், பலவீனமானவர். வெளிநாடுகளிலிருந்து படைகளைத் திரும்ப அழைத்து, மழைக்காட்டைக் காப்பாற்ற அனுப்புகிறார். எதிரி யார் தெரியுமா? ஒரு பர்கர் கம்பெனி. காட்டை அழித்து மாடு மேய்க்கிற அந்தக் கம்பெனிக்குச் சொந்தப் படை, சொந்த எந்திர அசுரன்கள்.

சிரிப்பு வருகிறதா? 1980-களில் மத்திய அமெரிக்க, தென் அமெரிக்கக் காடுகள் மேய்ச்சல் நிலமாக மாறியதற்கும் பர்கருக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. பிரேசிலில் ரப்பர் பால் எடுப்பவர்களைத் திரட்டி, மரத்தை வெட்ட வந்தவர்களுக்கு எதிரே நின்ற சிக்கோ மென்டிஸை, 1988 டிசம்பர் 22 அன்று அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். சுட்டது பண்ணைக்காரர் குடும்பம். அது நடந்து இரண்டே வருடத்தில் இந்தக் காமிக்ஸ் வருகிறது.

பச்சை என்று பெயருள்ள, ஒரு புல் கூட இல்லாத இடத்தில் வளர்ந்தவள், வாழ்க்கையில் முதல் முறையாக உண்மையான பச்சைக்குள் நிற்கிறாள். கையில் துப்பாக்கியுடன். கிப்பன்ஸ் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுத விடவில்லை. ‘வாட்ச்மென்’னில் பக்கத்துக்கு ஒன்பது கட்டம் என்று சதுரங்கப் பலகை போல வரைந்த மனிதர், இங்கே கட்டங்களைத் திறந்து விட்டிருக்கிறார். அகலமான பேனல்கள், குறைந்த வசனம். மார்த்தாவுக்கு ரொம்பப் பேச வராது. அவள் முகத்தைத்தான் படிக்க வேண்டும். சிறுமியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாடை இறுகிய சிப்பாயின் முகமாகிறது. மாற்றம் எந்தப் பக்கத்தில் நடந்தது என்று திரும்பிப் போய்த் தேடினேன். ஒரு பக்கத்தைச் சுட்டிக் காட்ட முடியவில்லை. எழுத்தில் இதைச் செய்வது கடினம். நாவலாசிரியர் ‘அவள் மாறிவிட்டாள்’ என்று எங்காவது ஓரிடத்தில் எழுதியே ஆக வேண்டும். ஓவியருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

காட்டில்தான் அவளுக்கு நிஜமான எதிரி கிடைக்கிறான். கம்பெனிக்காரன் இல்லை, தன் படையிலேயே தனக்கு மேலே இருக்கிற மொரெட்டி. அழகன், நல்ல குடும்பம், பேச்சுத் திறமை. மார்த்தா மண்ணில் ஊர்ந்து ஊர்ந்து ஏறுகிற படிகளை அவன் மின்தூக்கியில் ஏறுகிறான். நாடு உடைவதற்குக் காரணமாக வரலாற்றுப் புத்தகங்கள் கொள்கைகளைச் சொல்லும். இந்தக் கதையில் கொள்கை வைத்திருப்பவர்கள் எல்லாரும் கோமாளிகள். உடைப்பவன் கொள்கையே இல்லாத ஒரு பதவி வெறியன்.

சரி, குறையைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. எல்லாரையும் கேலி செய்கிறேன் என்று இறங்குகிற எழுத்தாளருக்கு ஒரு சௌகரியம் உண்டு, எவரையும் புரிந்துகொள்ளத் தேவையில்லை. பெண்ணியவாதிகள், சூழலியலாளர்கள், மதவாதிகள், நாஜிகள் எல்லாருக்கும் ஒரே தராசு, ஒரே கிண்டல். நாஜிக் கூட்டம் ஒன்றை ஒருபாலீர்ப்பாளர்களாக வைத்தது நகைச்சுவைக்காகவாம். அன்றே அது புளித்த நகைச்சுவைதான். அந்தப் பாலீர்ப்புக்காகவே ஆயிரக்கணக்கானோரை நாஜிகள் வதைமுகாம்களில் அடைத்தார்கள் என்று தெரிந்தவருக்குச் சிரிப்பு வராது. அப்பாச்சிப் பழங்குடி வீரன் வாசர்ஸ்டீனும் அவன் மக்களும் இன்னும் நன்றாக எழுதப்பட்டிருக்கலாம். அவர்கள் பங்குக்கு வருகிற அழிவு, உண்மை வரலாற்றின் எதிரொலி. ஆனால் கதை அதன் மேல் நின்று மூச்சு விடுவதில்லை. அடுத்த வெடிப்புக்கு அவசரம்.

தலைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1775 மார்ச் 23 அன்று வர்ஜீனியாவின் ரிச்மண்டில், ஒரு தேவாலயத்தில் கூடிய கூட்டத்தில் பேட்ரிக் ஹென்றி முழங்கியதாகச் சொல்லப்படும் வரியிலிருந்து எடுத்தது: விடுதலையைக் கொடு, இல்லையேல் சாவைக் கொடு. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். அந்தப் பேச்சு அச்சில் வந்ததே 1817-இல், கேட்டவர்களின் நினைவிலிருந்து திரட்டி. சங்கிலியையும் அடிமைத்தனத்தையும் பற்றி அப்படிக் கர்ஜித்த ஹென்றியிடம் அடிமைகள் இருந்தார்கள். கதாநாயகியின் பெயரோ, முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் மனைவி பெயர். அவர்களுடைய மவுண்ட் வெர்னான் பண்ணையில் 1799-இல் 317 அடிமைகள் இருந்தார்கள். அதில் 153 பேர் மார்த்தாவின் முதல் கணவரின் சொத்து வழியாக வந்தவர்கள். ஜார்ஜ் தன் உயிலில் தனக்குச் சொந்தமான 123 பேருக்கு விடுதலை எழுதினார். மார்த்தா வழி வந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. மார்த்தா இறந்ததும் அவர்களைப் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்தார்கள். இத்தனையும் தெரிந்துகொண்டு, கூண்டில் பிறந்த ஒரு கறுப்புக் குழந்தைக்கு மார்த்தா வாஷிங்டன் என்று பெயர் வைத்துப் பாருங்கள். புத்தகத்தில் இதற்கு ஒரு வரி விளக்கம் கிடையாது. அதுதான் நல்லதும்.

நடந்து முடிந்த உள்நாட்டுப் போரிலும் இவளைப் போன்றவர்கள் இருந்தார்கள். 1861 முதல் 1865 வரை நடந்த அந்தப் போரில் வடக்குப் படைக்காகச் சண்டையிட்ட கறுப்பினத்தவர் சுமார் 1,80,000 பேர். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்புச் சிப்பாய்க்கு 10, அதிலும் உடுப்புக்கென்று 3 டாலர் பிடித்தம். மாசசூசெட்ஸின் 54-ஆவது படைப்பிரிவு, இந்தச் சம்பளம் எங்களுக்கு வேண்டாம் என்று ஓராண்டுக்கு மேல் கை நீட்டாமலே சண்டையிட்டது. 1864 ஜூனில்தான் சம சம்பளத்துக்குச் சட்டம் வந்தது. போர் முடிந்த அடுத்த ஆண்டு, மிசௌரியில் அடிமையாகப் பிறந்த கேத்தி வில்லியம்ஸ் என்ற பெண், பெயரைத் திருப்பிப் போட்டு வில்லியம் கேத்தி என்ற ஆணாக ராணுவத்தில் சேர்ந்தார். சுமார் இரண்டு வருடம் ராணுவத்துக்குத் தெரியாமல் ஓட்டினார். பிற்காலத்தில் உடல் நலிந்து ஓய்வூதியம் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். தன் காலில் நிற்க வேண்டியிருந்தது, அதற்காகத்தான் சேர்ந்தேன் என்ற பொருளில் அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. பெரியப்பாவின் பூட்ஸ்தான் அது.

மார்த்தாவின் கதை நான்கு இதழ்களோடு நிற்கவில்லை. 1994-இல் அடுத்த தொடர், பிறகு இன்னும் சில. அந்த 1994 தொடரில், தனிமனிதச் சுயநலத்தையே தத்துவமாக்கிய நாவலாசிரியர் அயன் ராண்டின் சிந்தனை பலமாக வீசும். அறிவாளிகள் உலகத்தைக் கைவிட்டு ஒளிந்துகொள்வது, அவர்களை மார்த்தா தேடிப் போவது என்று. படம் பிரமாதம், எனக்குத்தான் ஒட்டவில்லை. முதல் கதையில் அவளுக்கு எல்லாத் தத்துவமும் வெறும் சத்தம். எந்தப் பக்கம் நின்றாலும் தன்னையும் பக்கத்தில் நிற்பவரையும் காப்பாற்றுவதுதான் அவள் வேலை. அவளைப் போய் ஒரு தத்துவத்தின் வாசலில் சேர்த்துவிட்டார்களே என்று வருத்தம். 2007-இல் ஒரு கடைசி இதழ் வந்தது, தன் நூறாவது பிறந்த நாளில் அவள் இறப்பதாக. மெல்லிய இதழ். ஒரு சிப்பாய்க்கு நூறு வயது கொடுத்ததற்காக மில்லரை நான் பல விஷயங்களில் மன்னித்துவிட்டேன்.

நிஜ காப்ரினி-கிரீனின் முதல் கட்டடத்தை இடிக்கத் தொடங்கியது 1995-இல். மார்த்தா பிறப்பதாக எழுதிய அதே வருடம். கடைசி அடுக்குமாடி 2011-இல் விழுந்தது. அந்த இடத்தில் இப்போது வெவ்வேறு வருமானக்காரர்களுக்கான வீடுகளும் கடைகளும் வந்துவிட்டன. அங்கே வாழ்ந்த பெரும்பாலானோர் திரும்பி வரவில்லை. கதையில் கிரீனை மூடி வைத்தார்கள், நிஜத்தில் திறந்து துரத்திவிட்டார்கள். மில்லரால்கூட இதை ஊகிக்க முடியவில்லை.

போன மாதம் ஒரு நண்பன் வந்திருந்தான். எதிர்கால உள்நாட்டுப் போர் பற்றி ஏதாவது படிக்கக் கொடு என்றான். இந்தப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். நின்றவாக்கிலேயே புரட்டிக்கொண்டு போனான். முதல் பகுதி முழுவதும் அவன் கட்டை விரலுக்கடியில் சரசரவென்று ஓடியது. வரைபடம் வந்ததும் விரல் நின்றது.

“அடேங்கப்பா, டெக்சாஸ் தனி நாடா?” என்றான்.

ஆமாம் என்றேன். டீ போட உள்ளே போனேன்.